ஐப்பசி மழையில் சுருங்கிய கடல் சாமந்தி

ஞாயிற்றுக்கிழமை காலை என் கடல் மீன் தொட்டியின் விளக்கு எரிந்ததும் நான் பார்த்தது ஒரு எலுமிச்சம்பழ அளவு சதைக்கட்டியை. முந்தின நாள் மாலை வரை அது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து கிடந்த கடல் சாமந்தி, பூப்போல இருக்கும் ஒரு கடல் விலங்கு. இரண்டு கிளவுன் மீன்களும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. பெரியது, அதாவது பெண் மீன், மூக்கால் இடித்து இடித்துப் பார்த்தது. சாமந்தி அசையவில்லை.

வீடு நாகர்கோவிலில். ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியையும் சேர்த்து உள்ளே நிற்கும் தண்ணீர் 240 லிட்டர். பவளம் ஒன்றுகூட இல்லை. பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கடலில் இருந்து அவற்றை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அதனால் என் தொட்டியில் இருக்கும் பாறை எல்லாம் சுட்ட மண் பாறை. அதன்மேல் ஆல்கா படர்ந்து இப்போது நிஜப் பாறை போலவே ஆகிவிட்டது.

சாமந்தி, கடைக்காரர்கள் பபுள் டிப் என்று சொல்லும் வகை. அறிவியல் பெயர் என்டக்மியா குவாட்ரிகலர். விரல்களின் நுனி குமிழ் போல உப்பியிருக்கும். மூன்று வருடமாக என்னிடம் இருக்கிறது. நல்ல தண்ணீர் கிடைத்தால் இந்த இனம் சுலபத்தில் சாகாது. ஸ்காட்லாந்தில் ஜான் டேலியல் 1828இல் கடற்கரையில் இருந்து எடுத்து வந்த ஒரு கடல் சாமந்தி, அவர் காலத்துக்குப் பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை ஒரு கண்ணாடிச் சாடியில் உயிரோடு இருந்தது. அதற்குக் கிடைத்ததெல்லாம் தவறாமல் மாற்றப்பட்ட கடல் தண்ணீரும் கொஞ்சம் சாப்பாடும்தான். இதைப் படித்த நாளில் இருந்தே, என் சாமந்தி செத்தால் அது வயதால் இருக்காது, என் கையால்தான் இருக்கும் என்ற பயம் எனக்கு உண்டு.

சனிக்கிழமை மாலை தண்ணீர் மாற்றியிருந்தேன். 60 லிட்டர், அதாவது கால்வாசி. வழக்கமாக எனக்குக் கடல் தண்ணீர் கொண்டுவந்து தருவது மணக்குடியில் தொழில் செய்யும் ஒரு அண்ணன். வள்ளத்தில் போய்விட்டுத் திரும்பும்போது கரையில் இருந்து நல்ல தூரத்திலேயே கேனில் கோரிக்கொண்டு வருவார். நான் அதைத் துணியில் வடிகட்டி, இருட்டில் இரண்டு நாள் தெளிய வைத்து ஊற்றுவேன். மூன்று வருடமாக இதே முறைதான்.

ஞாயிறு காலை சாமந்தியைப் பார்த்ததும் நான் பதறவில்லை. சாமந்தி அவ்வப்போது சுருங்கும். அதன் உடம்பு எலும்போ ஓடோ இல்லாத ஒரு தண்ணீர்ப் பை. வாயும் கழிவு வாசலும் ஒன்றே. உள்ளே இருக்கும் பழைய தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளச் சுருங்கும், சில மணி நேரத்தில் மறுபடி விரியும். குமிழ் மறைந்து விரல்கள் நீண்டுபோவதும் தனியாக ஒரு நோய் அல்ல. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போதும் அப்படி ஆகும். பார்க்க வேண்டியது வாயை. வாய் இறுக்கி மூடியிருந்தால் காத்திருக்கலாம். அன்று காலை மூடித்தான் இருந்தது.

தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் பார்த்தேன். 1.025. எப்போதும் காட்டுவது அதுதான். அமோனியா சோதித்தேன், இல்லை. மீன்கள் இரண்டும் நன்றாகச் சாப்பிட்டன. சரி, தண்ணீரில் குறையில்லை என்று விட்டுவிட்டேன்.

இரவு ஏழு மணிக்கும் விரியவில்லை. பிஹெச், அதாவது தண்ணீரின் அமில-கார நிலை, பார்க்கும் பேனா மாதிரியான மீட்டரை விட்டுப் பார்த்தால் 7.8. எனக்கு வழக்கமாக 8.1 இருக்கும். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சமையலறையில் இருந்து சோடா உப்பை எடுத்து 30 கிராம் எடை போட்டு, ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, ஒரே தடவையில் ஊற்றினேன். ஊற்றுவதற்கு முன் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்து நிரப்பி மூடி வைத்தேன். அது ஆய்வகப் பழக்கம். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

திங்கள் காலை நாலரை மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பாதம் பாறையை விட்டுக் கழன்றிருந்தது. விரல்கள் வெந்த சேமியா போலத் தொங்கின. வாய் ஒரு ரூபாய் நாணயம் அளவு பிளந்து, உள்ளே வெளிறிய மடிப்புகள் தெரிந்தன. அதில் இருந்து பழுப்பு நிறத்தில் நூல் நூலாகச் சளி வந்துகொண்டிருந்தது. அந்தப் பழுப்பு, அதன் உடம்புக்குள் குடியிருந்து வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசிகள். தாங்க முடியாத நிலை வந்தால் சாமந்தி அவற்றை வெளியே துப்பிவிடும். பவளம் வெளுப்பதும் இப்படித்தான்.

முதல் வேலை, அலை உண்டாக்கும் இரண்டு மோட்டார்களையும் நிறுத்தியது. பாதம் கழன்ற சாமந்தி மிதந்து போய் மோட்டாரில் மாட்டினால் அரைபட்டுவிடும். அரைபட்டால் அது மட்டும் சாகாது, அழுகி மொத்தத் தொட்டியையும் கொண்டுபோகும். மணக்குடி அண்ணன் எப்போதோ கொடுத்திருந்த சின்னக் கண் வலைத்துண்டு ஒன்று வீட்டில் கிடந்தது. அதை இரட்டையாக மடித்து மோட்டார் வாயில் கட்டினேன். காற்று மோட்டாரை மட்டும் ஓடவிட்டேன். அப்புறம் கையைக் கழுவிவிட்டு, சாமந்திக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்து முகர்ந்து பார்த்தேன். செத்த சாமந்தியின் நாற்றம் எப்படிப்பட்டது என்று ஒருதரம் அனுபவித்தவர்களுக்கு மறக்காது. இது கடல் வாசனைதான். உயிர் இருந்தது.

அன்று கல்லூரிக்கு மூன்று பாட்டில்கள் கொண்டுபோனேன். ஒன்று சோடா ஊற்றுவதற்கு முன் எடுத்தது. ஒன்று திங்கள் காலை எடுத்தது. ஒன்று, சனிக்கிழமை கொண்டுவந்த கேனின் அடியில் மிச்சமிருந்த கடல் தண்ணீர்.

காரத்தன்மையை, அதாவது தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதை, பார்ப்பது எளிது. கடையில் விற்கும் சோதனைப் பெட்டி இல்லாவிட்டாலும் ஒரு பியூரெட், அதாவது சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய், போதும். கூம்புக்குடுவையில் 100 மி.லி. தண்ணீர், இரண்டு மூன்று சொட்டு மெத்தில் ஆரஞ்சு, பியூரெட்டில் 0.02 நார்மல் சல்பியூரிக் அமிலம். மஞ்சள் நிறம் ஆரஞ்சாகத் திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். செலவான அமிலத்தின் மி.லி. அளவைப் பத்தால் பெருக்கினால், கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். அதை 17.86ஆல் வகுத்தால் தொட்டி வளர்ப்பவர்கள் பேசும் காரத்தன்மை அலகான டிகேஹெச். இயற்கைக் கடல் தண்ணீர் சுமார் 7 இருக்கும்.

முதல் பாட்டிலுக்கு 11.2 மி.லி. செலவானது, அதாவது 6.3 டிகேஹெச். இரண்டாவதற்கு 18.7 மி.லி., அதாவது 10.5. கணக்கும் சரியாக வந்தது. 240 லிட்டரில் 30 கிராம் போட்டால் 4.2 டிகேஹெச் ஏற வேண்டும், அவ்வளவே ஏறியிருந்தது. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது நானே மற்றவர்களுக்குச் சொல்வது. அதை ஒரு குவளையில் நாலு மடங்கு ஏற்றியிருந்தேன்.

ஆனால் சாமந்தி சுருங்கியது சோடாவுக்கு முன்பே. அப்படியானால் முதல் அடி எங்கிருந்து வந்தது?

விலங்கியல் துறையில் ஒருவரிடம் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் உப்பின் அளவு தெரியும். வாங்கியதும் அதை நம்பிவிடவில்லை. சுத்தமான சோடியம் குளோரைடு 3.65 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீர் 96.35 கிராம், இரண்டையும் தராசில் நிறுத்துக் கலக்கினேன். இந்தக் கரைசல், ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள கடல் தண்ணீர் எவ்வளவு ஒளியை வளைக்குமோ அவ்வளவே வளைக்கும். அதனால் கருவி 35 காட்ட வேண்டும். 37 காட்டியது. திருகாணியைத் திருப்பி 35இல் நிறுத்தினேன்.

அப்புறம் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு. 32. கேனில் இருந்தது ஒரு சொட்டு. 23.

இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. மூன்று தடவை துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். 23தான். 180 லிட்டர் 35இல் இருந்து, அதில் 60 லிட்டர் 23இல் ஊற்றினால் சரியாக 32 வரும். தாளில் போட்டுப் பார்த்தேன், வந்தது.

மதியம் அண்ணனுக்குப் போன் செய்தேன். “மக்கா, சனிக்கிழமை கடல் கெடந்து கொந்தளிச்சுதுல்லா, வள்ளம் எறக்கல. ஒனக்கு வேணும்னு சொன்னியேன்னு கரையில நின்னே கோரித் தந்தேன்” என்றார். எந்தக் கரை என்றேன். “பொழிக்க கிட்டதான். ஏன், வெள்ளம் நல்லாத்தானே கெடந்துது?”

பொழிமுகம். பழையாறு கடலில் சேரும் இடம். ஐப்பசி மழையில் நாஞ்சில் நாட்டு வயல்களின் தண்ணீர் எல்லாம் அந்த ஆற்றில்தான் இறங்கும். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்காக மழையில் நனைந்து கோரித் தந்திருக்கிறார். அளந்து பார்க்க வேண்டியது நான்.

அளந்தேன்தான். ஆனால் அளந்த கருவி பொய் சொன்னது. வீட்டுக்கு வந்து அந்த ஹைட்ரோமீட்டரைப் பிரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஊசலாடும் முள் உள்ள வகை. முள்ளின் அச்சில் உப்பு பூத்துக் கல்லாகி, முள் 1.025க்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் அதையே காட்டும். வினிகரில் ஒரு இரவு ஊறவைத்துக் கழுவினதும் அதே தொட்டித் தண்ணீருக்கு 1.024க்கு இறங்கியது. எத்தனை மாதமாக ஒட்டிக்கொண்டிருந்ததோ, சொல்ல முடியாது.

கருவியைவிட என்னை அதிகம் ஏமாற்றியது மீன்கள் நன்றாக இருந்ததுதான். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கிளவுன் மீனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். வெளியே எப்படி இருந்தாலும் செவுளையும் சிறுநீரகத்தையும் வைத்து உள்ளே ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். 32க்கு இறங்கியதை அது கவனித்திருக்கவே மாட்டாது. வெள்ளைப்புள்ளி நோய்க்கு உப்பை இதைவிட மிகவும் குறைத்தே மீனுக்கு வைத்தியம் செய்கிறார்கள். சாமந்திக்குச் சிறுநீரகமும் இல்லை, செவுளும் இல்லை. வெளியே என்ன உப்போ அதுதான் உள்ளேயும். வெளித்தண்ணீர் சட்டென்று நீர்த்துப்போனால் அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தண்ணீர் புகும். அதனிடம் இருக்கும் ஒரே தடுப்பு சுருங்கிக்கொள்வதும் சளியால் போர்த்திக்கொள்வதும்தான். முட்டத்தில் பாறைக் குழிகளில் இருக்கும் சின்னச் சாமந்திகளை மழை நேரத்தில் பார்த்திருக்கிறேன். குழியில் மழைத்தண்ணீர் விழ விழ, விரல்களை எல்லாம் உள்ளே இழுத்து ஒரு பொத்தான் போல ஆகிவிடும். அவை அலை ஏறி இறங்கும் இடத்தில் வாழ்ந்து பழகியவை, அடுத்த ஏற்றத்தில் கடல் வந்து காப்பாற்றும். என் தொட்டியில் இருப்பதற்கு ஏற்றம் எதுவும் வராது. ஞாயிறு காலை அது பொத்தானாக உட்கார்ந்திருந்ததற்கு அர்த்தம் அதுதான். நான் அதைப் பார்த்துவிட்டு பிஹெச்சைத் தேடிப் போயிருக்கிறேன்.

பிஹெச் ஏன் 7.8க்கு இறங்கியது என்பதும் திங்கள் மாலையே தெரிந்தது. ஒரு பாத்திரத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மொட்டை மாடிக் கூரைக்குக் கீழே வைத்து, காற்று மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். 7.8 இருந்தது 8.1 ஆனது. அவ்வளவுதான் விஷயம். நான்கு நாள் மழைக்கு ஜன்னல் எல்லாம் அடைத்து, உள்ளே நாலு பேரும் ஒரு கேஸ் அடுப்பும். வீட்டுக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏறத் தொட்டியிலும் ஏறும், பிஹெச் இறங்கும். அதற்குச் சோடா உப்பு மருந்தே அல்ல. அது காரத்தன்மையை ஏற்றுமே தவிர பிஹெச்சைப் பெரிதாகத் தூக்காது. ஜன்னலைத் திறந்திருந்தால் போதும்.

அதோடு, பிஹெச் கொஞ்சம் இறங்குவதைச் சாமந்திகள் நன்றாகவே தாங்கும். இத்தாலியில் வுல்கானோ தீவின் கடலடியில் எரிமலை வாயு கொப்பளிக்கும் இடங்கள் உண்டு. அங்கே கார்பன் டை ஆக்சைடு கூடி பிஹெச் குறைந்த இடத்துக்குப் பக்கத்தில் அனிமோனியா என்ற சாமந்தி வகை, மற்ற இடத்தைவிட அதிகமாக வளர்வதை 2012இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். சுண்ணாம்பு எலும்பு கட்டும் பவளத்துக்கு உள்ள கஷ்டம் எலும்பே இல்லாத சாமந்திக்கு இல்லை. எல்லாச் சாமந்தியும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. என் தொட்டியில் 7.8 அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இனி சரிசெய்ய வேண்டும். 32இல் இருந்து 35க்கு உடனே ஏற்றினால் அது மூன்றாவது அடி. பக்கத்து வீட்டு மாமா கேட்டார், “நம்ம புத்தளம் உப்பளத்துல இல்லாத உப்பா, ரெண்டு கிலோ வாங்கிக் கரைச்சு ஊத்தப்பிடாதா?” நல்ல கேள்விதான். உப்பளத்தில் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, உப்பின் செறிவைக் காட்டும் டிகிரி பார்த்து ஏற்றுவார்கள். 25 டிகிரிக்கு வரும்போது உப்பு இறங்கும். ஆனால் அதற்கு முந்தின பாத்திகளிலேயே கால்சியம் ஜிப்சமாகப் படிந்துவிடும். உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் போய்விடும். நடுவில் கிடைக்கும் கறியுப்பு கடல் அல்ல, கடலின் ஒரு பகுதி. அதைப் போட்டால் எண் 35 காட்டும், கால்சியமும் மக்னீசியமும் விகிதம் தப்பிப்போகும்.

நான் எடுத்த வழி மெதுவானது. தொட்டியில் தினமும் ஆவியாவது அந்த மழைக்காலத்தில் சுமார் 2 லிட்டர். ஆவியாகிறது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் வழக்கமாக ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புவேன். இந்தத் தடவை ஆர்.ஓ.வை நிறுத்தி, அந்த 2 லிட்டரையும் 35 உள்ள கடல் தண்ணீராகவே ஊற்றினேன். லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 70 கிராம் உப்பு, 240 லிட்டரில் 0.3க்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். மூன்று ஏறப் பத்து நாள். முதல் இரண்டு நாள் நல்ல கடல் தண்ணீர் கையில் இல்லாததால் எதையும் ஊற்றாமல் மட்டம் இறங்க விட்டேன், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு ஏற்றும். புதன்கிழமை கடல் அடங்கியதும் அண்ணன் ஆழத்தில் இருந்து இரண்டு கேன் கொண்டுவந்தார். கரையிலேயே நின்று அவர் கண் முன்னால் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். 35. அவரும் வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

10.5க்கு ஏறிய காரத்தன்மையை நான் தொடவில்லை. அமிலம் விட்டு இறக்கலாம், ஆனால் ஒரு அவசரத்தை இன்னொரு அவசரத்தால் திருத்த எனக்கு மனமில்லை. 10.5 என்பது உயிர் போகும் அளவல்ல. அசையாமல் நின்றால் சாமந்தி பழகிக்கொள்ளும். வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தில் தானாக இறங்கட்டும் என்று விட்டேன். விளக்கைப் பாதி நேரமாகக் குறைத்தேன். பாசியை இழந்த உடம்புக்கு முழு வெளிச்சம் பாரம். காற்று மோட்டாரின் குழாயை ஜன்னல் ஓரமாக வெளியே விட்டு, வெளிக்காற்றை இழுக்க வைத்தேன்.

மூன்றாம் நாள் வாய் பாதி மூடியது. ஐந்தாம் நாள் பாதம் பின்கண்ணாடியின் இடது மூலையில் ஒட்டியது. பழைய பாறைக்குத் திரும்பவே இல்லை. ஏழாம் நாள் விரல்கள் பகலில் விரிந்து இரவில் சுருங்கின. நிறம் மட்டும் கழுவின சங்கு போல வெளிறிக் கிடந்தது. இடையில் ஒரு நாள் அம்மா, “அதுக்கு ஒண்ணும் குடுக்காண்டாமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொடுக்கவில்லை. வாய் இறுகாத சாமந்திக்குச் சாப்பாடு கொடுத்தால் உள்ளேயே அழுகும்.

பன்னிரண்டாம் நாள், உப்பு 35இல் நின்ற பிறகு, கடலைப்பருப்பு அளவு பச்சை இறால் துண்டு ஒன்றைக் குச்சியில் எடுத்து விரல்களில் வைத்தேன். முதலில் ஒரு விரல் ஒட்டியது. பக்கத்து விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி வந்து சேர்ந்தன. துண்டு மெல்ல மெல்ல நடுவுக்குப் போய் வாய்க்குள் மறைந்தது. முழுதாக நாலு நிமிடம். அம்மாவும் நானும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் கழித்தும் துப்பவில்லை.

பழுப்பு நிறம் திரும்ப இரண்டு மாதம் ஆனது. இப்போதும் காரத்தன்மை 9க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, விட்டுவிட்டேன். ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று சொந்தமாக வாங்கிவிட்டேன். 3.65 கிராம் கரைசல் ஒரு சின்ன பாட்டிலில் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன். கேனைத் திறந்ததும் ஒரு சொட்டு, ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு. மோட்டார் வாயில் வலைத்துண்டு நிரந்தரமாகிவிட்டது.

போன வாரம் அண்ணன் வள்ளத்தில் இருந்தே போன் செய்தார். எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. “மக்கா, பொழியில இருந்து நல்ல தூரம் வந்தாச்சு. கோரட்டுமா?”